கெசையா பர்டமின் மூலை அலமாரி

ஹோசியா பர்டமின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போன மறுவாரம், அவருடைய கட்டில் ஏழு மைல் நடந்து தன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அது 1857ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அவ்வருடம் மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது. பன்றி விலை சரிந்திருந்தது. கட்டிலைத் தொடர்ந்து கடிகாரமும், அதற்குப் பின் நூல் இராட்டையும், கடைசியாக இரும்பு அடுப்பும் வந்தன. அடுப்பு கனமானது ஆகையால் வழியில் அங்கங்கே இளைப்பாறியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஹோசியாவின் விதவை கெசையா பர்டம் ஒவ்வொன்றுக்கும் கதவைத் திறந்துவிட்டார். கால்களில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார். அது பழைய இடத்தில் போய் நின்றதும் வழக்கம்போலப் பயன்படுத்தத் தொடங்கினார். ஏலத்தில் எடுத்தவர்கள் குதிரை வண்டியோடு வந்து கேட்டபோது ஒரு சொல்லும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். ஏற்றிப்போன சாமான்கள் மறுபடியும் நடந்து வந்தன.

காரணம் எங்கள் ஊராருக்கு அன்றே தெரியும். அக்காலத்துச் சட்டப்படி ஒரு வீட்டிலுள்ள கரண்டிவரை கணவனுடைய சொத்து. அவன் உயில் எழுதாமல் இறந்தால் அத்தனையும் முற்றத்தில் பரப்பப்பட்டு ஏலம் விடப்படும். விதவை தன் கையால் தேய்த்து வைத்த பானையைத் தானே விலை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டம் இப்படி இருந்ததால் அக்கம்பக்கத்தார் தமக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். விதவை விலை கேட்டால் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் ஒரு செண்ட் காசு கேட்பார். ஆண்கள் தங்கள் பூட்சுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏலக்காரர் சுத்தியலைத் தட்டுவார். பானை தன் வீட்டுக்குள் போகும். எங்கள் ஊரான ஆட்டர் கிரீக்கில் அதுவரை அப்படித்தான் நடந்துவந்தது. பர்டம் வீட்டு ஏலத்தில் முதலாவதாக வந்தது, செர்ரி மரத்தில் செய்த மூலை அலமாரி. கெசையா ஒரு செண்ட் கேட்டார். எல்லாரும் பூட்சுகளைப் பார்த்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், "ரெண்டு" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு நடந்தது எங்கள் ஊருக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஒருவன் வாய் திறந்துவிட்டான், இனி நாம் மூடி வைத்திருந்து யாருக்கு என்ன பயன் என்று ஒவ்வொருவரும் நியாயமாகச் சிந்தித்தார்கள். எங்கள் ஊரார் எதையும் நியாயமாகச் சிந்திக்கக் கூடியவர்கள். பொழுது சாய்வதற்குள் தொட்டில்வரை போய்விட்டது. கெசையாவிடம் எஞ்சியவை நான்கு சுவரும், குழந்தைகளும், மதிப்பீடு செய்ய வந்தவர்களின் கண்ணில் படாத ஒரு பூனையுமே.

நடக்கத் தொடங்கிய சாமான்களைப் போகட்டும் என்று விட்டிருக்கலாமே என இன்று சொல்வது எளிது. விலை கொடுத்து வாங்கிய பொருளை விட்டுக்கொடுப்பது அன்றைய ஊராருக்கு ஒழுக்கக்கேடாகப் பட்டது. ஆகவே நாற்காலிகளைக் கயிற்றால் கட்டினார்கள். இராட்டையைத் தூணோடு பிணைத்தார்கள். தொட்டிலைக் குழந்தையோடு சேர்த்துக் கட்டிவைத்த வீடும் உண்டு. வெளியூர் விருந்தினர் கேட்டால், சூறாவளிக்காக என்று சொன்னார்கள். மூன்றாம் தலைமுறையில், சூறாவளிக்காகத்தான் என்று தாங்களே நம்பினார்கள். கெசையா 1889இல் காலமானார். அவருடைய மக்கள் அதற்கு முன்பே மேற்கே ஒரிகனுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆளில்லாத வீடு 1934ஆம் ஆண்டுப் புழுதிப்புயலில் விழுந்தது. வீடு இல்லை என்பதைச் சாமான்கள் பொருட்படுத்தவில்லை. கயிறு இற்றுப்போனவை ஒவ்வொன்றாக வந்து, சுவரில்லாத இடத்தில் சுவரோரமாக நின்றன. கடிகாரம், தான் தொங்கவேண்டிய உயரத்தில், காற்றில் தொங்கியது. வண்டியெடுத்துப் போய் மீட்டுவருவது பேரப்பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. பிறகு அந்நிலத்தில் பயிரிட வந்த டுவேன் ஸ்விக்கார்ட், அறுவடை இயந்திரத்தை அடுப்பில் இடிக்காமல் சுற்றி ஓட்டப் பழகிக்கொண்டார். வீட்டின் அளவுக்கு ஓர் இடத்தை விதைக்காமலே விட்டார். பயிர்க் காப்பீட்டு அலுவலர் அதற்குக் காரணம் கேட்டபோது, "சமையல்கட்டு" என்று எழுதிக் கொடுத்தார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வராத பொருள் ஒன்றே ஒன்றுதான்: மூலை அலமாரி. அது வெர்னா லிண்ட்லியின் சமையலறையில், கயிறோ சங்கிலியோ இன்றி, நான்கு தலைமுறையாக அசையாமல் நின்றது.

வெர்னா லிண்ட்லி ஊர்ப் பள்ளியில் நாற்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவர்; மணமாகாதவர்; வட்டார வரலாற்றுச் சங்கத்தின் தலைவர், செயலாளர், அச்சுப்பிழை திருத்துநர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் வகித்தவர். ஊரில் பெரும்பாலோர் அவரிடம் படித்தவர்கள். ஆகையால் அவர் எதிரில் ஒருவரும் நீண்ட வாக்கியம் பேசுவதில்லை. கல்லறைத் தோட்டத்துக் கல்வெட்டுகளில் உள்ள பிழைகளை அவர் சுண்ணக்கட்டியால் திருத்துவார். மழை வந்து அழித்தால் மறுபடியும் போய்த் திருத்துவார். ஒரு பர்டம் பொருள் ஒருவர் வீட்டில் கட்டாமலே நிற்குமானால், அவர் பர்டம் இரத்தம் என்பது வெர்னா வகுத்த விதி. அதைச் சங்கத்தின் காலாண்டிதழில் வெளியிட்டார். இதழின் ஆசிரியரும் அவரே ஆகையால் மறுப்புரை எதுவும் வரவில்லை. கெசையாவின் பெண்களில் ஒருத்தி மேற்கே போகாமல் தங்கி, தம் கொள்ளுப்பாட்டனார் எலைஷா லிண்ட்லியை மணந்திருக்க வேண்டும் என்பது அந்த விதியின் அடுத்த படி. திருமணப் பதிவு கிடைக்கவில்லை. பதிவேடுகள் வைத்திருந்த நீதிமன்றம் தீப்பிடித்தபோது எரிந்திருக்கும் என்று முடிவு செய்தார். எங்கள் பக்கத்தில் குடும்ப வரலாறு எழுதுவோருக்கு எரிந்துபோன நீதிமன்றம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஏலத்தில் "ரெண்டு" என்றவர் யார் என்பதையும் வெர்னாவே தீர்த்துவைத்தார். அந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக ஊரில் உலவிவந்தது. ஒவ்வொரு குடும்பமும் வேறொரு குடும்பத்தைக் காட்டியது. அலமாரிக்காக வாய் திறந்தவர் ஜேக்கப் ஸ்விக்கார்ட் என்று வெர்னா கண்டுபிடித்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம், ஸ்விக்கார்டுகளின் பொதுவான நடத்தை. இதைத் தாம் எழுதிய பர்டம் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் அச்சிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நான்காம் வகுப்பில், ஜேக்கப்பின் வழித்தோன்றலான டுவேனை எழுந்து நிற்கச் செய்து அறிவித்திருந்தார்.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெர்னாவின் வாழ்நாள் உழைப்புக்கு ஒரு கருங்கல் கிடைக்கவிருந்தது. பர்டம் கல்லறை வரிசையில் நடப்பட்ட அந்தக் கல்லில் ஹோசியா, கெசையா பெயர்களுக்குக் கீழே, "இவர்கள் வழித்தோன்றல் வெர்னா லிண்ட்லி" என்று செதுக்கி, பிறந்த ஆண்டையும் பொறித்து, இறக்கும் ஆண்டுக்கு இடம் விடப்பட்டிருந்தது. கெசையாவுக்குப் பக்கத்து நிலத்தை அவர் தமக்காக வாங்கியும் விட்டார். தமக்கென ஒரு வரிசை இவ்வுலகில் உண்டு, அதன் கடைசியில் தாம் நிற்கிறோம் என்ற எண்ணம்தான், வீட்டில் வேறு ஆளில்லாத அந்த அம்மையாரைப் பல ஆண்டுகளாகக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்பியது. ஞாயிற்றுக்கிழமை லிண்ட்லி குடும்பத்தார் பூங்காவில் ஒன்றுகூடி உண்ட பின் கல்லைத் திறப்பது என்று ஏற்பாடு.

அதற்கு முந்திய வியாழக்கிழமை, சமையலறைக் குழாய் ஒழுகியது. இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அவருடைய தம்பி மெர்ல், பழுது பார்க்க நிலவறைக்குள் இறங்கினார்.

"அக்கா, கொஞ்சம் கீழ வா."

"மாவு பெசஞ்சுக்கிட்டிருக்கேன். என்னன்னு முழுசாச் சொல்லு."

"முழுசாச் சொன்னா விழுந்துடுவ. வா."

நிலவறையில், அலமாரி நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, பலகையைத் துளைத்துக்கொண்டு நான்கு இரும்பு ஆணிகள் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். நுனி மடித்து அறையப்பட்டிருந்தது. அவற்றைச் சுற்றி, மரம் இழுக்கும் சங்கிலி ஒன்று உத்தரத்தோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது. குழாய்த் தண்ணீர் இறங்கி உத்தரம் ஊறிப்போய், இரண்டு ஆணிகள் பாதி வெளியே வந்துவிட்டன.

வெர்னா மாவுக் கையோடு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். "யாரு அடிச்சது இதை?"

"ஆணி கொள்ளுத் தாத்தா எலைஷா அடிச்சது. தாத்தா புதுசா மாத்துனாரு. சங்கிலி அப்பா போட்டது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா கூட்டிட்டு வந்து காட்டுனாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு ஏன்டா காட்டல?"

மெர்ல் கைவிளக்கை வேறு பக்கம் திருப்பினார். "நீ எழுதி வெச்சுடுவேன்னாரு."

மேலே அலமாரி மெல்ல முனகியது. உள்ளிருந்த பீங்கான் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே வெர்னா அந்த ஒலியைக் கேட்டுவந்தார். அதைப் பாசம் என்று எண்ணியிருந்தார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார் மெர்ல். "கடையில புது போல்ட் இருக்கு. உத்தரத்துக்கு ஒரு முட்டுக் குடுத்து முடுக்கிட்டேன்னா இன்னும் நூறு வருஷம் நிக்கும். நீ மேல போயி மாவப் பெச. ஞாயித்துக்கிழமை கல்லத் தொறப்போம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? நீ யார்கிட்டச் சொல்லப் போற?"

"நான் யார்கிட்டச் சொல்லாம இருந்திருக்கேன்?"

வெர்னா மேலே போனார். அலமாரி வடக்குப் பக்கமாக, பர்டம் நிலம் இருக்கும் திசையில், ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. தரை உள்வாங்கியதால் வந்த சாய்வு என்று அவர் காலாண்டிதழில் ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார். இந்த அலமாரியை எலைஷா எப்படிப் பெற்றார் என்பதற்கு இனி ஒரு விடைதான் இருந்தது. ஏலத்தில் எடுத்தார். அலமாரிக்காகத்தான் முதல் வாய் திறந்தது என்பது ஊரறிந்த செய்தி. தம் மாணவர் எவரேனும் இத்தகைய சான்றைக் கண்டும் அதை ஆணி அடித்து மறைத்திருந்தால், தாம் எத்தனை மதிப்பெண் குறைத்திருப்போம் என்று வெர்னா எண்ணிப் பார்த்தார். பிறகு நிலவறைப் படியில் நின்று குரல் கொடுத்தார்: "மெர்ல், இரும்பு ரம்பம் கொண்டாந்திருக்கியா?"

கடைசி ஆணி அறுந்ததும் அலமாரி ஒருமுறை நிமிர்ந்தது. பின்வாசல் வழியே பக்கவாட்டில் திரும்பி, கதவுச் சட்டத்தில் படாமல் வெளியேறியது. நூறாண்டுக்கு மேல் ஓரிடத்தில் நின்ற பொருளுக்கு அது நல்ல நடை. தட்டுகள் தம் தாயாருடையவை என்பதும், அவற்றை எடுத்து வைத்திருக்கலாம் என்பதும் வெர்னாவுக்குத் தெருமுனையில்தான் நினைவுக்கு வந்தன. அதற்குள் அலமாரி பெரிய சாலையை அடைந்துவிட்டது. தானியம் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போகும்வரை அது ஓரமாக நின்றது. பிறகு வடக்கே திரும்பியது. வெர்னா மேலங்கியும் மாவுக் கையுமாகப் பின்னால் நடந்தார். வீட்டு முகப்புகளில் அமர்ந்திருந்தோர் எழுந்து நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லை. மெர்ல் தம் சிறு லாரியை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு அருகே வந்தார்.

"அக்கா, வண்டியில ஏறு. ஏழு மைலு. உனக்கு என்ன வயசாகுதுன்னு நெனப்பு இருக்கா?"

"அந்த அலமாரிக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. அது நடக்குதுல்ல?"

பிற்பகலில் பர்டம் நிலத்தை அடைந்தார்கள். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அலமாரி ஒரு தாளையும் முறிக்காமல் வரிசைக்கு நடுவே நடந்து போய், அந்த வெற்றிடத்தின் வடகிழக்கு மூலையில் முதுகைப் பொருத்திக்கொண்டது. டிராக்டரில் அமர்ந்திருந்த டுவேன் ஸ்விக்கார்ட் இயந்திரத்தை நிறுத்தினார். அலமாரியைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், சூறாவளியா?"

வெர்னா மூச்சு வாங்க நின்றார். "ஸ்விக்கார்ட், என் புஸ்தகத்துல நாப்பத்தேழாம் பக்கம் தப்பு. அதை அடிச்சுடு."

"எங்க வீட்ல யாரும் அந்தப் புஸ்தகம் வாங்கலியே, டீச்சர்."

"ஒண்ணு வாங்கிட்டு அடி."

டுவேன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நாலாங்கிளாஸ்ல என்னை எந்திரிக்க வெச்சு, எல்லாப் பசங்க முன்னாடியும் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நானும் அதத்தான் கேட்டேன். இருக்கான்னு." அவர் இறங்கி வந்து, தண்ணீர்க் குடுவையை வெர்னாவிடம் நீட்டினார். வெர்னா இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூங்காவில், நீண்ட மேசைகளின் முன் எழுபது லிண்ட்லிகள் உண்டுகொண்டிருந்தபோது, வெர்னா எழுந்து நின்று அறிவித்தார்: தாம் பர்டம் குடும்பத்தவர் அல்லர், இங்கிருக்கும் எவரும் அல்லர், கெசையா பர்டமின் ஏலத்தில் வாய் திறந்தவர் எலைஷா லிண்ட்லி, தம் நூலின் முன்னுரை, பின்னுரை, இடைப்பட்ட பகுதி ஆகியவை பிழையானவை. இதைச் சொல்ல அவர் மூன்று இரவு உறங்காமல் ஒத்திகை பார்த்திருந்தார். எழுபது பேரில் ஒருவரும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு சித்தப்பா மகன், பன்றித் தொடை எந்தக் கடையில் வாங்கியது, நன்றாக இருக்கிறது என்றார். குடும்ப வரலாறு எழுதுவோர் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி இதுதான் என்று பின்னாளில் வெர்னா சொல்வதுண்டு. ஆயினும் அதை எந்த இதழிலும் அவர் எழுதவில்லை. கல் திறக்கப்படவில்லை. கல்தச்சர் வந்து அவருடைய பெயரைச் சாந்து பூசி மூடினார்.

அலமாரி வந்து சேர்ந்ததும் எல்லாம் நிறைவடைந்துவிடும் என்று ஊரார் எதிர்பார்த்தார்கள். அப்படி ஆகவில்லை. பால் கறக்க ஆள் வராத மாடுகள்போலச் சாமான்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன. கட்டில் சுற்றிச் சுற்றி வந்தது. இரைச்சலில் பன்றிகள் உறங்கவில்லை என்று டுவேன் குறைபட்டார். வெர்னா, ஏலக்காரர் கர்னல் ராண்டலிடம் யோசனை கேட்டார். கர்னல் என்பது எங்கள் பக்கத்தில் ஏலக்காரர்களுக்கு வழங்கும் பட்டம். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. வெர்னாவிடம் இரண்டுமுறை ஒரே வகுப்பில் இருந்திருக்கிறார்.

"வித்தது வித்ததுதான் டீச்சர்," என்றார் கர்னல். "இன்னிக்கும் அதெல்லாம் வாங்குன வீட்டுச் சொத்து. வீட்டுக்கு வந்திருக்கே தவிர, வீட்டோடதா ஆகல."

"அப்ப எல்லாரும் எழுதிக் குடுத்துடலாம்."

"சும்மா குடுத்தா அது தானம். அந்தம்மா தானம் வாங்குற ஆளா? அப்படி இருந்தா அன்னிக்கே வாங்கியிருக்கும்." அவர் தாடையைச் சொறிந்தார். "திரும்ப ஏலம் விடணும். மொறையா. அன்னிக்கு வந்த வரிசையிலயே. ஆனா ஒருத்தர் வாய் தொறக்கக் கூடாது. மொதப் பொருள்ல தொறந்தீங்க, எல்லாமே போச்சு. நான் இருமுனாக்கூட விலையா எடுத்துக்குற ஆளு, தெரியும்ல? நம்ம ஊர்ல எல்லாரும் சமாளிச்சுடுவாங்க. எனக்குப் பயம் ஒரே ஒரு ஆளு மேலதான்."

"யாரு?"

கர்னல் தம் பழைய ஆசிரியையை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் அறுவடை முடிந்த வயலில் ஏலம் நடந்தது. ஊரார் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் வழக்கம்போலக் காபியும் டோநட்டும் விற்க மேசை போட்டார்கள். டி மாய்ன் நகரத்திலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர், பெரிய வண்டியும் புதிய கயிறுமாக வந்து முன்வரிசையில் நின்றார். அவரை யாரும் தடுக்கவில்லை. ஏலம் பொது ஏலம். தேவாலயத்துப் பெண்கள் இருவர் அவருக்கு இரு புறமும் நின்றுகொண்டு, ஒரு டோநட் முடியும் முன் அடுத்ததைக் கையில் திணித்தார்கள். அவர் நன்றி சொல்வதற்குக்கூட வாய் ஒழியவில்லை.

கர்னல் பெட்டிமேல் ஏறினார். "மொதப் பொருள், மூலை அலமாரி. நல்ல ஓக் மரம். 1875ல ஹோசியா பர்டன் ஏலத்துல வந்தது."

செர்ரி மரம். 1857. பர்டம். மூன்று பிழைகள் ஒரே மூச்சில் வந்து வெர்னாவின் தொண்டையில் நின்றன. அது பதற்றத்தில் வாய் தவறியது என்று கர்னல் பின்னர் சத்தியம் செய்தார். பழைய மதிப்பெண்களுக்குப் பதில் என்று கருதுவோரும் ஊரில் உண்டு. வெர்னாவின் உதடுகள் பிரிந்தன. மெர்ல் அவர் முழங்கையை அழுத்திப் பிடித்தார்.

அடுப்புக்குப் பக்கத்திலிருந்து கெசையா பர்டம், "ஒரு செண்ட்" என்றார்.

அவர் இறந்து நூற்றேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. குரல் சற்றுக் கம்மியிருந்தது. மற்றபடி தெளிவாகவே கேட்டது. இறந்தவர் விலை கேட்கக் கூடாது என்று ஏல விதிகளில் எங்கும் இல்லை என்பதைக் கர்னல் முன்னரே பார்த்து வைத்திருந்தார். தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பாடத் தொடங்கினார்: "ஒரு செண்ட், ஒரு செண்ட், ஒரு செண்ட்... ரெண்டு குடுப்பார் உண்டா? ரெண்டு, ரெண்டு, யாராச்சும் ரெண்டு?"

பிழைகளை விழுங்குவது கடினம் என்றுதான் வெர்னா எண்ணியிருந்தார். அவற்றை விழுங்கிவிட்டார். அவற்றுக்குப் பின்னால் வேறொன்று எழுந்து வரும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. அலமாரிமேல் அக்டோபர் வெயில் பட்டு, செர்ரி மரம் உள்ளிருந்து சிவந்து தெரிந்தது. பிறந்தது முதல் அவர் கண் விழித்துப் பார்த்த பொருள் அது. கதவின் உட்புறம் அவருடைய உயரத்தைத் தாயார் கோடிட்டு வைத்தது அதில்தான். ஒரு சொல் போதும். முறையாக, விலை கொடுத்து, எவரும் குறைசொல்ல முடியாதபடி அது மறுபடி அவருடையதாகும். இருபத்தைந்து வயது எலைஷாவும், புதிதாக மணமுடித்து, வெறும் மண்தரையும் மரப்பெட்டியுமாக இருந்த ஒரு குடிலை நினைத்துக்கொண்டு, இதே வெயிலில் இதைத்தான் பார்த்திருப்பார். அவர் கெட்டவராக இருந்திருக்கத் தேவையில்லை. அலமாரி அழகாக இருந்தது, அவ்வளவே. வெர்னாவின் நாவு, "ரெண்டு" என்பதற்கு வேண்டிய இடத்தில் போய்த் தானாக நின்றது. அந்தக் கணத்தில், எந்தப் பதிவும் எந்தச் சான்றும் இல்லாமலே, தாம் யாருடைய கொள்ளுப்பேத்தி என்பது அவருக்கு ஐயமறத் தெரிந்தது.

அவர் தலையைக் குனிந்து தம் காலணிகளைப் பார்த்தார். பழுப்புத் தோல், இடது காலணியில் கயிறு தளர்ந்திருந்தது. கர்னல் மூன்றுமுறை கேட்டார். அருகில் எங்கோ வியாபாரி மென்றுகொண்டிருந்தார். சுத்தியல் விழுந்தது.

"வித்தாச்சு! வீட்டுக்கார அம்மாவுக்கே!"

மற்றவை விரைவில் முடிந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் கெசையா ஒரு செண்ட் கேட்டார். ஒவ்வொருமுறையும் முந்நூறு பேர் தங்கள் காலணிகளைக் கண்ணெடுக்காமல் ஆராய்ந்தார்கள். அன்றைக்கு இருந்த அமைதி, எங்கள் ஊரார் எக்காலத்திலும் ஒன்றாகச் செய்த செயல்களுள் மிகச் சிறந்தது; ஒன்றும் செய்யாமலிருப்பதே அச்செயல் என்பது எங்களுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. தொட்டில் விலைபோனதும் சாமான்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டு, மண்ணுக்குள் ஒரு விரற்கடை இறங்கி நின்றன. கடிகாரம் ஓடத் தொடங்கியது. வெர்னா கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் இரத்தம் இருந்தது. நாக்கின் நுனியைக் கடித்திருந்தார். மருத்துவர் சில நாள் பேசவேண்டாம் என்றார். ஊருக்கு அது நல்ல ஓய்வாக இருந்தது.

அதற்குப் பின் அந்தச் சாமான்களில் எதுவும் எங்கும் போகவில்லை. வரி அலுவலகம் அவ்விடத்தை வீடு என்று பதிந்துகொண்டது. சுவரும் கூரையும் இல்லாததற்கு டுவேன் தள்ளுபடி கேட்டுப் பெற்றார். முதல் பனி விழுந்த நாளிலிருந்து அடுப்பில் புகை எழுகிறது. தரையில் விழும் பனி அந்த நான்கு மூலைகளுக்குள் விழுவதில்லை. வெர்னா காலாண்டிதழின் பிழைதிருத்தப் பட்டியலை மூன்று இதழ்களில் வெளியிட்டார். கெசையாவுக்குப் பக்கத்து நிலத்தை விற்றுவிட்டு, எலைஷாவின் காலடியில் ஓர் இடம் வாங்கினார். வெளியூரிலிருந்து வம்ச வரலாறு தேடி வருவோர், நீங்கள் பர்டம் குடும்பமா என்று இன்றும் அவரிடம் கேட்பதுண்டு. "இல்ல, நாங்க அக்கம்பக்கம்" என்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் புதிதாக ஆள் குடிவந்தால் அக்கம்பக்கத்தார் ஏதேனும் சமைத்துக் கொண்டுபோவது வழக்கம். மார்ச் மாதத்தில் பாதை காய்ந்ததும், பாலேடு விட்டுச் சுட்ட உருளைக்கிழங்கை ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வெர்னா போனார். வாசல் இருக்கவேண்டிய இடத்தில் நின்று காற்றைத் தட்டினார். சற்றுப் பொறுத்து, உள்ளே போய் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். மறுவாரம் பாத்திரம் அவருடைய முகப்பில் இருந்தது. கழுவித் துடைக்கப்பட்டிருந்தது; பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது முறையன்று ஆகையால், அதில் பிளம் பழப்பாகு நிறைந்திருந்தது. வெர்னா ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்தார். சர்க்கரை சற்றுக் கூடுதல். அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.